ஹீமோகுளோபின்: ஒரு புரதத்தின் பல முகங்கள்

விளையாடும்போது கீழே விழுந்து அடிபடாத மாணவர் எவரும் இருக்க முடியாது. தோல் கிழியாமல் உள்ளே மட்டும் அடிபட்டால் அந்த இடம் கன்றிப் போகும். முதலில் கருஞ்சிவப்பாகத் தோன்றும் அந்த இடம் மறுநாள் கருநீலமாகிறது. நான்கைந்து நாட்கள் கழித்துப் பார்த்தால் அதன் ஓரங்களில் பச்சை நிறம் தெரியும். பிறகு மஞ்சளாகி, இரண்டு வாரங்களுக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

இத்தனை நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று எப்போதாவது யோசித்ததுண்டா? அவை அனைத்தும் ஒரே ஒரு பொருளிலிருந்து வந்தவை. அதுதான் நம் இரத்தத்துக்குச் சிவப்பு நிறத்தைத் தரும் ஹீமோகுளோபின் என்னும் புரதம். அடிபட்ட இடத்தில் இரத்தக் குழாயிலிருந்து வெளியேறிய ஹீமோகுளோபினை உடல் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. அந்தச் சிதைவின் ஒவ்வொரு படியையும்தான் நாம் தோலின் மேல் நிறங்களாகக் காண்கிறோம்.

இந்தப் புரதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது அதன் ஒரு முகம் மட்டுமே. கரியமில வாயுவை வெளியேற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. அது மலேரியாக் கிருமிக்கு உணவு. சில சமயம் அதே கிருமிக்கு எதிரி. தான் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு வெளியே வந்தால் சிறுநீரகத்துக்கே பகை. அது நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதன் கதையைப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் மிதக்கின்றன. ஒவ்வொரு சிவப்பணுவிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. உடலில் உள்ள ஹீமோகுளோபின் முழுவதையும் பிரித்தெடுத்துத் தராசில் வைத்தால் முக்கால் கிலோ வரை இருக்கும்!

இவ்வளவு எதற்கு? நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நம் உடலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் நீரில் மிகக் குறைவாகவே கரையும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மில்லிலிட்டர்தான். ஹீமோகுளோபின் இல்லாமல் இந்த 0.3 மில்லிலிட்டரை மட்டும் நம்பியிருந்தால், நம் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கும் மேல் இரத்தத்தை இறைக்க வேண்டியிருக்கும். உண்மையில் அது ஓய்வு நேரத்தில் 5 லிட்டர்தான் இறைக்கிறது. ஹீமோகுளோபின் இருப்பதால் அதே 100 மில்லிலிட்டர் இரத்தம் 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. அதாவது, அறுபது மடங்குக்கும் அதிகம்.

துருப்பிடிக்காத இரும்பு

ஹீமோகுளோபின் ஒரு பெரிய மூலக்கூறு. அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த நான்கு மாலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு மாலைகளில் தலைக்கு 141 மணிகள். இவற்றுக்கு ஆல்ஃபா சங்கிலிகள் என்று பெயர். மற்ற இரண்டிலும் தலைக்கு 146 மணிகள். இவை பீட்டா சங்கிலிகள். ஆக மொத்தம் 574 மணிகள். ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஹீம் என்னும் தட்டையான பொருள் ஒன்று செருகப்பட்டிருக்கிறது. ஹீமின் நடுவில் ஓர் இரும்பு அணு. இந்த இரும்புதான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருப்பிடிக்க வேண்டும் அல்லவா? பிடித்த ஆக்சிஜனைத் துருப்பிடித்த ஆணி திருப்பித் தருவதில்லையே! ஹீமைத் தனியே எடுத்து ஆக்சிஜனில் வைத்தால் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. ஆனால் புரதத்தின் மடிப்புக்குள் பத்திரமாக இருக்கும்போது இரும்பு ஆக்சிஜனைப் பிடிக்கிறது; வேண்டிய இடத்தில் விட்டும் விடுகிறது. ஆக்சிஜனைப் பிடிப்பது இரும்பின் வேலை என்றால், அதைத் துருவாக விடாமல் காப்பது புரதத்தின் வேலை.

இந்த மூலக்கூறின் உருவத்தைக் கண்டறிந்தவர் மாக்ஸ் பெருட்ஸ். வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்த இவர், 1937-ஆம் ஆண்டில் ஹீமோகுளோபின் படிகங்களின் மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராயத் தொடங்கினார். கிடைத்த படங்களில் புள்ளிகள் இருந்தன; அவற்றைப் படித்து உருவத்தை அறியும் வழிதான் தெரியவில்லை. 1953-ஆம் ஆண்டில்தான், மூலக்கூறில் பாதரச அணுக்களை ஒட்டவைத்துப் படங்களை ஒப்பிடலாம் என்று கண்டார். முழு உருவம் தெளிவானபோது ஆண்டு 1959. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு! 1962-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை அவர் ஜான் கென்ட்ரூவுடன் பகிர்ந்துகொண்டார்.

பந்தியில் நான்கு பேர்

நான்கு சங்கிலிகள் எதற்கு, ஒன்று போதாதா? இதற்கு விடை திருமண வீட்டுப் பந்தியில் இருக்கிறது. இலை போட்டாயிற்று, ஆனால் முதலில் உட்கார யாருக்கும் தயக்கம். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்தவர்கள் மளமளவென்று உட்கார்ந்துவிடுவார்கள். அதுபோலவே சாப்பிட்டு முடித்து ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுந்துகொள்வார்கள்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். முதல் ஆக்சிஜன் வந்து சேர்வது கடினம். அது சேர்ந்ததும் மூலக்கூறின் உருவமே சற்று மாறுகிறது. அடுத்தடுத்த ஆக்சிஜன்கள் எளிதாகச் சேர்கின்றன. திசுக்களை அடைந்து ஓர் ஆக்சிஜன் விலகினால் மற்றவையும் எளிதில் விலகுகின்றன. இதனால் நுரையீரலில் நிறைய ஏற்றிக்கொண்டு, தேவையான இடத்தில் தாராளமாக இறக்க முடிகிறது.

தேவையான இடம் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? 1904-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு உடலியல் அறிஞர் கிறிஸ்டியன் போர் இதற்கு விடை தந்தார். அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய தந்தைதான் இவர். கரியமில வாயு அதிகமாக உள்ள இடத்தில் இரத்தம் ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுகிறது என்று அவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். ஓடும்போது உங்கள் தொடைத் தசையில் கரியமில வாயுவும் அமிலமும் வெப்பமும் பெருகுகின்றன. இவை மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே உழைப்பு அதிகமோ அங்கே ஆக்சிஜன் அதிகமாக இறங்குகிறது!

திரும்பி வரும் வண்டியும் காலியாக வருவதில்லை. ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின், கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் தன் சங்கிலி நுனிகளில் ஏற்றிக்கொள்கிறது. கரியமில வாயுவின் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாகப் பயணம் செய்கிறது. அப்போது உண்டாகும் அமிலத்தையும் ஹீமோகுளோபினே உறிஞ்சி, இரத்தம் புளித்துப் போகாமல் காக்கிறது.

தாயிடமிருந்து வாங்கும் குழந்தை

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் தாயின் இரத்தத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டு பேரின் ஹீமோகுளோபினும் சம வலிமையோடு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருந்தால் குழந்தைக்குப் போதுமானது கிடைக்காது. இதற்காகவே கருவில் உள்ள குழந்தைக்கு வேறொரு வகை ஹீமோகுளோபின் உண்டாகிறது. அதில் பீட்டா சங்கிலிகளுக்குப் பதிலாகக் காமா சங்கிலிகள் இருக்கும். அது தாயின் ஹீமோகுளோபினைவிடச் சற்று இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். குழந்தை பிறந்த பிறகு காமா சங்கிலி உற்பத்தி குறைந்து, பீட்டா சங்கிலி பெருகுகிறது. ஆறு மாதத்துக்குள் பெரும்பகுதி மாறிவிடும். இந்தக் காமா சங்கிலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அது மீண்டும் நம் கதையில் வரும்.

தவறான விருந்தாளி

நல்ல பந்தியிலும் அழையாத விருந்தாளி வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. கரி சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். எளிதில் எழுந்திருக்கவும் செய்யாது. ஆக்சிஜனுக்கு இடமே இல்லாமல் போகிறது. குளிருக்காக அறையின் கதவு, சன்னல்களை மூடிவிட்டு உள்ளே கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குபவர்கள் எழுந்திருக்காமலே போவது இதனால்தான். இறுக்கமாகப் பிடிப்பது ஹீமோகுளோபினின் சிறப்பு. அந்தச் சிறப்பே இங்கே ஆபத்தாகிறது. மூடிய அறையில் கரி அடுப்பை ஒருநாளும் எரிக்கலாகாது.

வேறொரு வகையிலும் ஹீமோகுளோபின் செயலற்றுப் போகலாம். நாம் முன்பு சொன்ன இரும்பு, நைட்ரேட் போன்ற சில பொருள்களின் விளைவால் உண்மையிலேயே துருவைப் போன்ற நிலைக்கு மாறிவிடுவதுண்டு. அப்போது இரத்தம் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். அது ஆக்சிஜனைப் பிடிக்காது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்னும் மருத்துவர், உடல் நீலம் பாரித்த பச்சிளங் குழந்தைகளைப் பற்றி எழுதினார். நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் பால்மாவைக் கரைத்துக் கொடுத்ததே காரணம் என்று அவர் கண்டார். குடிநீரில் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று நம் நாட்டுத் தரவிதி கூறுவதற்குப் பின்னால் இந்தக் குழந்தைகளின் கதை இருக்கிறது.

வேலி தாண்டினால் பகை

இவ்வளவு பயனுள்ள ஹீமோகுளோபினை இயற்கை ஏன் சிவப்பணு என்னும் பைக்குள் அடைத்து வைக்க வேண்டும்? நேரடியாக இரத்தத்தில் மிதக்க விட்டால் என்ன?

விபத்தில் இரத்தம் இழந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக, சிவப்பணு இல்லாமல் ஹீமோகுளோபினை மட்டும் கொண்ட திரவங்களைத் தயாரிக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் முயன்றார்கள். அது வெற்றி பெற்றால் இரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. நீண்ட நாள் சேமித்தும் வைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனை 1998-ஆம் ஆண்டில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அந்தத் திரவத்தைப் பெற்றவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது.

காரணம் என்ன? நம் இரத்தக் குழாய்களின் சுவர்கள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டுக் குழாய்களைத் தளர்வாக வைத்துக்கொள்கின்றன. பைக்கு வெளியே திரியும் ஹீமோகுளோபின் அந்த வாயுவை விழுங்கிவிடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன. அதோடு, பையைவிட்டு வந்த சாதாரண ஹீமோகுளோபின் இரண்டு துண்டாகப் பிரிந்து சிறுநீரகத்துக்குள் புகுந்து அதைக் கெடுக்கிறது. பொருந்தாத பிரிவு இரத்தத்தை ஏற்றினால் சிறுநீரகம் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறிதளவு வெளியேறினால் உடல் சமாளித்துக்கொள்ளும். ஹேப்டோகுளோபின் என்னும் வேறொரு புரதம் காவலரைப் போலச் சுற்றி வந்து, வெளியே திரியும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அளவு மீறினால் காவலரால் முடியாது.

ஆறாவது மணி

1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், ஒரு நோயாளியின் இரத்தத்தில் கண்ட விந்தையை வெளியிட்டார். நோயாளி, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர். வழக்கமாக வட்டமாக இருக்கும் சிவப்பணுக்களில் பல, அவருடைய இரத்தத்தில் கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து நீண்டு இருந்தன. இந்த நோய்க்கு அரிவாள் அணுச்சோகை என்று பெயர் வந்தது.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின், மின்புலத்தில் மற்றவர்களுடையதைப் போல நகர்வதில்லை என்று காட்டினார்கள். ஒரு நோய்க்கு ஒரு மூலக்கூறின் மாற்றமே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டது அதுவே முதல் முறை. மாற்றம் எங்கே என்பதை 1956, 1957 ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம் கண்டுபிடித்தார். பீட்டா சங்கிலியின் 146 மணிகளில் ஆறாவது மணி மட்டும் வேறு! குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. மற்ற 145 மணிகளும் சரியாகவே இருந்தன.

இந்தச் சிறு பிழை இவ்வளவு துன்பம் தருவானேன்? குளூட்டாமிக் அமிலம் நீரோடு ஒட்டும். வாலினோ எண்ணெய் போல நீரை வெறுக்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் அதன் உருவம் மாறுகிறது என்று பார்த்தோம் அல்லவா? அப்போது அதன் மேல் ஒரு சிறு குழி திறக்கிறது. பக்கத்து மூலக்கூறின் வாலின் அந்தக் குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதனோடு இன்னொன்று, அதனோடு மற்றொன்று என்று நீண்டு விறைத்த கயிறுகள் உண்டாகின்றன. அவை சிவப்பணுவை உள்ளிருந்து முட்டி அரிவாளாக்குகின்றன. விறைத்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. கை, கால், முதுகு என எங்கும் பொறுக்க முடியாத வலி. 120 நாட்கள் வாழ வேண்டிய சிவப்பணு இருபது நாட்களுக்குள்ளேயே அழிகிறது. எனவே இரத்தசோகையும் சேர்ந்துகொள்கிறது.

தீமைக்குள் ஒரு நன்மை

இந்தப் பிழை பெற்றோரிடமிருந்து வருகிறது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியைச் செய்வதற்கான கட்டளை தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் பிழை இருந்தால் நோய். ஒன்றில் மட்டும் இருந்தால் அவர் நோயாளி அல்லர். மரபுக்கூறைச் சுமப்பவர் மட்டுமே. பெரும்பாலும் அவருக்கே அது தெரியாது.

இவ்வளவு கொடிய நோயைத் தரும் மரபுக்கூறு ஏன் மறைந்து போகவில்லை? ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அதைச் சுமப்பவர்கள் மிகப் பலர். அந்தப் பகுதிகளில் மலேரியாவும் அதிகம் என்பதைக் கவனித்தவர் அந்தோணி ஆலிசன். ஒரேயொரு பிழைக் கட்டளை உள்ள குழந்தைகளைக் கடுமையான மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை என்று அவர் 1954-இல் காட்டினார். இதையொத்த கருத்தை, தலசீமியா என்னும் மற்றோர் ஹீமோகுளோபின் நோயைப் பற்றி 1949-லேயே சொன்னவர் ஹால்டேன். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.

மலேரியாவுக்கும் ஹீமோகுளோபினுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத்தான் தின்று வளர்கிறது. ஆனால் புரதத்தைத் தின்ற பின் மிஞ்சும் ஹீம் அதற்கு நஞ்சு. ஆகவே கிருமி அந்த ஹீமைக் கரிய படிகங்களாக்கி ஒதுக்கி வைக்கிறது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது, இந்தக் கரிய துகள்களைக் கண்டுதான் மலேரியாக் கிருமியை அடையாளம் தெரிந்துகொண்டார். ஹீமோகுளோபினின் எச்சமே துப்புக் கொடுத்தது! குளோரோகுயின் என்னும் மலேரியா மருந்தும் ஹீமைப் படிகமாக விடாமல் தடுத்தே கிருமியைக் கொல்கிறது.

அரிவாள் மரபுக்கூறைச் சுமப்பவரின் சிவப்பணுவுக்குள் கிருமி நன்றாக வளர முடிவதில்லை. கிருமி புகுந்த அணுக்கள் விரைவில் உருக்குலைய, மண்ணீரல் அவற்றைக் கழித்துவிடுகிறது. ஒரு பங்கு இருந்தால் கவசம். இரண்டு பங்கு இருந்தால் நோய். நல்லது, கெட்டது என்று ஒரு மரபுக்கூறுக்கு முத்திரை குத்துவது எவ்வளவு தவறு பாருங்கள்!

இது ஆப்பிரிக்காவின் செய்தி மட்டும் அன்று. 1952-இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நம் நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் அணுக்கள் இருப்பதை வெளியிட்டார்கள். இந்தியாவின் பல மாநிலங்களில் பழங்குடி மக்களிடையே இது காணப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு இந்த நோயை 2047-க்குள் ஒழிப்பதற்கான இயக்கத்தைத் தொடங்கியது. இரத்தப் பரிசோதனை அதன் முதல் படி. கணவன், மனைவி இருவரும் மரபுக்கூறைச் சுமப்பவர்களாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முன்பே தெரிந்தால் முன்பே ஆலோசனை பெறலாம். இது எவருடைய குற்றமும் அன்று, சாபமும் அன்று; ஒரு மணி மாறிய கதை, அவ்வளவே.

பழைய நண்பன் திரும்புகிறான்

இப்போது காமா சங்கிலியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அரிவாள் அணுச்சோகை உள்ள குழந்தைகள் பிறந்த முதல் சில மாதங்கள் நலமாகவே இருப்பார்கள். ஏனென்றால் பிழையுள்ள பீட்டா சங்கிலிக்குப் பதிலாக அவர்களிடம் இன்னும் காமா சங்கிலி இருக்கிறது. அப்படியானால் வளர்ந்தவர்களிடமும் கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் உண்டாக்க முடிந்தால்?

ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை இதை ஓரளவு செய்கிறது. அதை ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளிகளுக்கு வலி வரும் தடவைகள் குறைகின்றன. காமா சங்கிலியின் உற்பத்தியை நிறுத்தும் பூட்டு எதுவென்றும் இப்போது தெரிந்துவிட்டது. நோயாளியின் எலும்பு மச்சைச் செல்களை வெளியே எடுத்து, அந்தப் பூட்டை வெட்டி நீக்கி, மறுபடியும் உடலில் செலுத்தும் மரபணுச் சிகிச்சைக்கு 2023-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. இதன் செலவு மிக மிக அதிகம். நோயுள்ள ஏழை மக்களுக்கு அது எட்டும் நாள் வர வேண்டும்.

சர்க்கரையின் நாட்குறிப்பு

ஹீமோகுளோபின் நோயை உண்டாக்குவதோடு, வேறு நோயைக் காட்டியும் கொடுக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ சர்க்கரை நோய் இருந்தால் எச்பிஏ1சி என்ற பரிசோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தத்தில் உள்ள சர்க்கரை தானாகவே ஹீமோகுளோபினில் மெல்ல மெல்ல ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை அதிகமாக இருந்தால் அதிகம் ஒட்டும். ஒட்டியது சிவப்பணு சாகும்வரை விடாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். எனவே ஒட்டிய சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை அளவின் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு மருத்துவரை ஏமாற்ற முடியாது! சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வேறுபாடு இருப்பதை 1968-இல் கவனித்து வெளியிட்டவர் ஈரான் நாட்டு அறிஞர் சாமுவேல் ரஹ்பர். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் அரிவாள் அணுச்சோகை போன்ற நோய்களில் இந்த நாட்குறிப்பு பொய்க்கணக்குக் காட்டும் என்பதையும் மருத்துவர்கள் மறப்பதில்லை.

மறைந்த பின்னும்

ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படுகின்றன. இரும்பு வீணாக்கப்படுவதில்லை, புது ஹீமோகுளோபின் செய்யத் திரும்பவும் பயன்படுகிறது. ஹீமின் மற்றப் பகுதி முதலில் பச்சை நிறப் பொருளாகவும், பிறகு பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளாகவும் மாறுகிறது. கன்றிப் போன முழங்காலில் நீங்கள் கண்ட பச்சையும் மஞ்சளும் இவைதாம்.

பிலிருபினைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. பிறந்த குழந்தையின் உடலில் சிவப்பணுக்கள் நிறைய அழிகின்றன. கல்லீரலோ இன்னும் முதிரவில்லை. ஆகவே பல குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகிறது. அளவு மிகவும் கூடினால் மூளையைப் பாதிக்கும். 1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் ஜீன் வார்டு என்னும் செவிலியர், குறைமாதக் குழந்தைகளை வெயில் படும்படி வைத்து வந்தார். வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைந்திருப்பதையும், துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். ஒளி பிலிருபினை எளிதில் வெளியேறும் உருவுக்கு மாற்றுகிறது என்பது பின்னர் தெரிந்தது. இன்று மருத்துவமனைகளில் நீல விளக்குகளின் கீழ் குழந்தைகள் படுத்திருப்பது அந்தச் செவிலியரின் கூர்மையான பார்வையால் வந்த பயன்.

உங்கள் கணக்கு

கடைசியாக, உங்களைப் பற்றிய ஒரு செய்தி. ஹீமோகுளோபின் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், போதுமான அளவு இல்லாவிட்டால் பயனில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 31 பேருக்கு. வகுப்பறையில் கவனம் நிற்காமல் போவது, படி ஏறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் சோர்வாக இருப்பது ஆகியவை சோம்பேறித்தனத்தால் மட்டும் வருவன என்று எண்ணிவிடாதீர்கள். பல சமயம் அது ஹீமோகுளோபின் குறைவின் அடையாளம்.

உடலில் உள்ள 3 அல்லது 4 கிராம் இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது. ஒரு சிறிய ஆணியின் எடைதான்! அந்த இரும்பு உணவிலிருந்து வர வேண்டும். கீரை, பயறு வகைகள், மீன், இறைச்சி ஆகியவற்றில் அது இருக்கிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படுவதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் கூடுதலாகக் கிடைக்கும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறைந்துபோகும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை யாருக்கும் தெரியாமல் சன்னல் வழியே எறிந்துவிடும் மாணவர்கள் உண்டு. அவர்கள் எறிவது தங்கள் மூச்சில் ஒரு பங்கை. அதே சமயம், தலசீமியா நோயாளிகளைப் போல அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரும்பு மிகுந்து இதயமும் கல்லீரலும் கெடுவதும் உண்டு. ஆகவே மருத்துவரைக் கேட்காமல் அளவுக்கு மேல் உண்பதும் கூடாது.

அளவும் இடமும் சரியாக இருந்தால் நண்பன், மாறினால் பகைவன். ஹீமோகுளோபினின் கதை சொல்வது இதுதான். நம் உடலில் உள்ள பல்லாயிரம் புரதங்களுக்கும் இது பொருந்தும். அடுத்த முறை முழங்கால் கன்றிப் போனால், வலி குறைந்த பிறகு தினமும் அந்த நிறங்களைக் கவனித்துப் பாருங்கள். பல வாரங்கள் உங்களுக்காக ஆக்சிஜன் சுமந்த ஒரு புரதம் விடைபெறுவதை அங்கே காண்பீர்கள்.